கோடு வளையும் இடம்

"தெரியுது" என்றேன். தெரியுதோ என்று கடைக்கார ஈவார் கேட்டு முடிப்பதற்குள் அந்தச் சொல் என் வாயிலிருந்து போய்விட்டது. என்ன தெரிகிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரம் அரியும் ஆலை, ஆலை முற்றத்தில் அடுக்கிக் கிடக்கிற மரக்குற்றிகள், உயரமான புகைபோக்கி என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். இத்தனை வருடமாக இந்தச் சின்னப் பட்டணத்துக்கு வந்துபோகிறவளுக்கு அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சொல்ல ஸ்கோப் தேவையில்லை, கண்ணே தேவையில்லை. ஜன்னலோரத்து மேசையில் ஒரு தாங்கி, தாங்கியில் துவக்கின்மேல் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் கறுப்புக் குழாயாக, அதன் பின்னால் குனிந்து நான். துவக்கும் தூண்டிலும் காட்டுச் சப்பாத்தும் விற்கிற இந்தக் கடையில் பின்னேர நேரத்தில் வேறு ஆட்கள் இல்லை. நோர்வேயின் நடுப்பகுதியில் செப்டெம்பர் மாதம் பின்னேரம் என்றால் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எல்லாவற்றையும் இருக்கிறதைவிட வடிவாகக் காட்டும், அதுவும் எனக்கு உதவவில்லை. என் துவக்கு வீட்டில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து கழற்றிய பழைய ஸ்கோப்பை மட்டும் ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு வந்து, உள்ளுக்குப் பனிப்புகார் பிடிச்சிட்டுது, புதுசு வேணும் என்று ஈவாரிடம் சொல்லியிருந்தேன். அவன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். "பழசுதானே. பின்னேர வெளிச்சத்துக்குக் காணாது" என்றான் கொஞ்சம் கழித்து. நல்ல பிள்ளை. சிவந்த தாடி, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. நோர்வே மொழியில் நீ, நீர், நீங்கள் எல்லாத்துக்கும் ஒரே சொல்தான். ஆனால் என் தலைக்குள் வரும்போது ஈவார் என்னை நீங்கள் என்றும் என்னோடு வேலை செய்கிற மாரித் என்னை நீ என்றும்தான் கூப்பிடுகிறார்கள், அப்படி ஆர் பிரித்துக்கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. களைப்பாக இருந்தது. கதிரையில் இருந்துகொண்டே களைப்பாக இருந்தது.

அவன் முதலில் வைத்தது அளவான ஒன்று. கண்ணை வைத்ததும் வட்டம் விரிந்தது, வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, புகைபோக்கியின் மேலே நெடுக்குக் கோடு வந்து படிந்தது. படிந்ததா. மேலிருந்து நேராக இறங்கி வந்த கோடு நடுவுக்கு வந்ததும் ஒரு நெளிவு நெளிந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோலக் கீழே போனது. இழுத்துப் பிடித்த நூலை ஒருவர் ஒரு இடத்தில் மட்டும் தளரவிட்டதுபோல. புகைபோக்கியும் அதே இடத்தில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது. "இதில ஒரு பிழை இருக்கு" என்றேன். "என்ன பிழை?" "கோடு நேரா இல்லை." ஈவார் குனிந்து பார்த்தான், மரியாதைக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். "எனக்கு நேராத்தான் தெரியுது. பரவாயில்லை, வேற ஒண்டு எடுக்கிறன்." வேறு ஒன்று வந்தது. முன்வில்லை தேநீர்க் கோப்பையின் வாயளவு, மங்கல் வெளிச்சத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் என்றான். அள்ளிக்கொண்டுதான் வந்தது, ஆலையின் தகரக் கூரையில் மழை வழிந்த கறைகூடத் தெரிந்தது, ஆனால் கோடு அதே இடத்தில் நெளிந்தது. அப்போது நான் என்ன செய்தேன் என்றால் ஜன்னல் கண்ணாடியைப் பழி சொன்னேன். "உங்கட ஜன்னல் கண்ணாடி பழசாக்கும்." அவன் எழும்பிப்போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தான், ஆற்றுக் குளிர் மேசைமேல் வந்து விழுந்தது, கண் நீர் கட்டியது, துடைத்துவிட்டுப் பார்த்தேன், நெளிவு அங்கேயே இருந்தது. இந்தக் கண்ணா. எனக்கு இந்த நாட்டில் முதல் சம்பளம் வாங்கித் தந்தது இந்த வலது கண்தான். வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒரு மேசை, மேசையின் மேல்பக்கம் கண்ணாடி, கீழே விளக்கு. தோலுரித்த மீன் துண்டத்தை அதில் போட்டால் உள்ளே சுருண்டு கிடக்கிற புழு நிழலாகத் தெரியும், கத்தி முனையால் கிள்ளி எடுக்கவேண்டும். மற்றவர்கள் விட்டுப்போன துண்டங்களை மேற்பார்வையாளர் என்னிடம்தான் அனுப்புவாள். இடது கண்ணை லேசாக இடுக்கிக்கொண்டு வலதால் பார்ப்பேன். அடுத்த மேசையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நவரத்தினம் என்ற பொடியன், கலியாணம் கட்டி என் மனிசன் ஆகாத காலத்து நவம், "உமக்குக் கண்ணுக்குள்ளயும் லைற் பூட்டியிருக்கோ" என்று கேட்டார். அவர் என்னோடு கதைத்த முதல் கதை அது. இப்போது அந்த மேசையில் என்னை விட்டால் எத்தனை புழு எத்தனை பேரின் தட்டுக்குப் போகும்.

"கண்ணாடி போட்டபடியோ சுடுறனீங்கள்?" என்று ஈவார் கேட்டான். ஓம் என்றேன். அவன் தன் கன்னத்தை ஒரு துவக்கின் கட்டையில் வைத்துக் காட்டினான். "இப்பிடித் தலையைக் குனிஞ்சா, கண்ணாடியின்ர மேல் விளிம்பாலதான் பாக்கிறீங்கள். கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் ஒண்டாச் சேர்த்து வெட்டின கண்ணாடி எண்டால் அந்த இடத்தில எல்லாம் வளைஞ்சுதான் தெரியும். கன பேர் வந்து ஸ்கோப் பிழை எண்டு சொல்லுறவை, கடைசியில பாத்தால் கண்ணாடி." எனக்கு உடம்பில் ரத்தம் ஓடியது. கண்ணாடி. அதுதான். இத்தனை நாளும் எனக்கு ஏன் அது தோன்றவில்லை. இரட்டைப் பார்வைக் கண்ணாடி, மேல் விளிம்பு, அதுதான் கோடையிலிருந்து படியில் கால் வைக்கும்போது தடுமாறினதும், வாசலில் நிற்கிற ஆளின் முகம் நடுவில் கொஞ்சம் கசங்கினதுபோல இருந்ததும், சமையலறை ஓட்டுச்சுவரில் ஒரு வரிசை ஓடு மட்டும் தொய்ந்து தெரிந்ததும். நல்ல ஒரு கண்ணாடி வாங்கினால் எல்லாம் நிமிர்ந்துவிடும். "அப்ப கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ" என்றான் ஈவார், "ஸ்கோப்பிலயே உங்கட கண்ணுக்கு ஏத்தமாதிரித் திருப்பலாம்." கழற்றினேன். பின்பக்கத்து வளையத்தை அவன் சொன்னபடி மெல்ல மெல்லத் திருப்பினேன். கலங்கல் தெளிந்து, தெளிந்து, கோடு கறுத்து மெல்லிய கத்திபோல வந்தது, வந்து நடுவில் நெளிந்தது. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். "எப்ப கடைசியாக் கண் காட்டினனீங்கள்?" "போன வருசம்" என்றேன். போன வருடம் இல்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. காட்டலாம், காட்டுவதற்கு என்ன, ஆனால் காட்டினால் அது எழுத்தில் வரும், எழுத்தில் வந்தது எங்கேயோ போகும். துவக்கு வைத்திருக்கிற ஆளுக்குக் கண் போனால் வைத்தியர் அறிவிக்கவேண்டும், கார் ஓடுகிற ஆளுக்கும் அப்படித்தான் என்று வேலைத்தலத்தில் சாப்பாட்டு மேசையில் ஆரோ சொன்னது கோடையிலிருந்து காதுக்குள் கிடக்கிறது. துவக்குப் போகட்டும். கார் போனால். எங்கள் வீடு இங்கிருந்து ஆற்றோடே முக்கால் மணித்தியால ஓட்டம், பஸ் காலமை ஒன்று பின்னேரம் ஒன்று, நவத்துக்குக் கார் ஓட வராது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் தட்டு வைக்கிற ஒரு கிழவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி இல்லை, ஓரம் மட்டும் இருக்கிறது. உருளைக்கிழங்கு ஆறு மணிப் பக்கம், மீன் பன்னிரண்டு மணிப் பக்கம், கரட் மூன்று மணி என்று தட்டை மணிக்கூடாக்கிச் சொல்லிவிட்டுத்தான் வைக்கவேண்டும். "உன்ர காதும் தலைமயிரும் தெரியுது பாமா, முகம்தான் இல்லை" என்பார், குறையாகச் சொல்வதில்லை, இன்றைக்கு மழை என்பதுபோலச் சொல்வார். நான் சிரிப்பேன். பிறகு கை கழுவப்போன இடத்தில் கண்ணாடியில் என் முகத்தை ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணை மூடிப் பார்க்கத் தொடங்கினேன், பிறகு அதை விட்டுவிட்டேன். பார்க்காமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடுமா. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்று மற்றதின் குறையை மூடிவிடுகிறது, மனிசனும் மனிசியும்போல, பார்க்க வருகிற ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஈவார் உள்ளறைக்குப் போய்விட்டான், இன்னும் ஒன்று இருக்கிறதாம், சிவப்புப் புள்ளி எரிகிறது, கண் குறைந்தவர்களுக்கு அதுதான் நல்லதாம். கண் குறைந்தவர்கள் என்று அவன் சொன்னது என்னைத்தானா, பொதுவாகவா. வேட்டை தொடங்க இன்னும் ஒரு கிழமை. அதற்கு முன் சுடுதிடலில் தேர்வு, பலகையில் வெட்டின மானின் நெஞ்சில் ஐந்து வெடியும் விழவேண்டும், வருடா வருடம் அதில் தேறினால்தான் காட்டுக்குள் துவக்கோடு போகலாம். மாரித் இல்லாவிட்டால் இதொன்றும் எனக்கு வந்திருக்காது. அவள் எங்கள் இல்லத்தில் தாதி, வேட்டைக் குழுவுக்குத் தலைவி, என்னைவிட ஒரு தலை உயரம். ஒருநாள் தேநீர் இடைவேளையில் "சனி ஞாயிறில என்ன செய்யிறனீ?" என்று கேட்டாள். "ஒண்டும் இல்லை." "அப்ப வா காட்டுக்கு." இவ்வளவுதான் நடந்தது. ஒரு வருடம் அவள் நாய்க்குப் பின்னால் நடந்தேன். பிறகு புத்தகம் படித்து, மானின் எலும்புக்கெல்லாம் நோர்வே மொழியில் பெயர் பாடமாக்கி, சோதனை எழுதி, துவக்கு வாங்கினேன். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் கடையில போய்த் துவக்கு வாங்கிக்கொண்டு வாறீர்" என்றார் நவம். இரும்பு அலுமாரி வீட்டுக்கு வந்த முதல் கிழமை அவர் வரவேற்பறையில்தான் படுத்தார். எங்கள் ஆட்களின் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டால் குசுகுசுத்தார்கள், அதற்குப் பிறகும் நான் நவத்தின்ர மனிசிதான், துவக்கோட திரியிற நவத்தின்ர மனிசி. எல்க் என்பது மாட்டைவிட உயரமான காட்டுமான். முதல் எல்க் நான் சுட்டு, என் பங்கு இறைச்சி வீட்டுக்கு வந்த அன்று நவம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு ஊர்த்தூள் போட்டுப் பிரட்டினார், இப்போது குழு முழுக்க அந்தப் பிரட்டலுக்குக் காத்திருக்கும். அங்கேதான் பயம். அந்தப் பயத்தை இப்போதுதான் முகத்துக்கு நேரே பார்க்கிறேன். துவக்கு இல்லாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், கட்டாயம் கூப்பிடுவார்கள், பாமா, கறியோட வா என்பார்கள். நெருப்புப் பக்கத்தில் சட்டியோடு நிற்கிற தமிழ் மனிசி. வருடத்தில் ஒரு கிழமை நான் அதில்லை. அந்த ஒரு கிழமை நான் ஐந்தாம் போஸ்ட், மானுக்குக் காத்து நிற்கிற ஐந்தாவது ஆள். சதுப்பு முடிந்து காடு தொடங்குகிற இடம், இரண்டு மான்பாதை வந்து சேர்கிற இடம், ஒரு பாறை, பாறையில் நான். விடியற்புறம் வானொலிக் கருவி கரகரக்கும், "அஞ்சாம் போஸ்ட், பாமா, இருக்கிறியோ?" என்று மாரித் கேட்பாள், "இருக்கிறன்" என்பேன். இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருந்து, இருக்கிறாயா என்று என்னை ஆரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் அவ்வளவு சரியாகப் பதில் சொன்னதில்லை. போன இலையுதிர்காலம் சதுப்பின் அந்தப் பக்கம் ஏதோ நின்றது. துவக்குத் தோளில். எல்க்கின் தோளா, புயலில் விழுந்த மரத்தின் வேரா. சாம்பல் வெளிச்சம், சாம்பல் மரம், அது நின்றது, நானும் நின்றேன், பிறகு வேர் நடந்து போனது. பின்னேரம் நெருப்படியில் எல்லாரும் என்னை மெச்சினார்கள், பாமா அவசரப்படமாட்டாள், நிச்சயமில்லாமல் சுடமாட்டாள் என்று. அது பொய்யில்லை. நிச்சயமில்லாமல் நின்றது மெய்யாக இருந்ததுதான் இந்தக் கோடையில் என்னைத் தூங்கவிடவில்லை.

ஈவார் மூன்றாவது ஸ்கோப்பைத் தாங்கியில் வைத்து, பக்கத்து ஆணியைத் திருப்பினான். "இப்ப நடுவில சிவப்பா ஒரு பொட்டு எரியும். கோட்டைப் பாக்கவே தேவையில்லை. பொட்டை எங்க வைக்கிறியளோ அங்க." பொட்டு என்று அவன் சொல்லவில்லை, என் தலைதான் அப்படிச் சொன்னது. குனிந்தேன். வட்டம், ஆலை, மரக்குற்றி. பொட்டு இல்லை. "எரியேல்லை. பற்றறி முடிஞ்சுதாக்கும்." அவன் பார்த்தான். எரிகிறது என்று சொல்லவில்லை, மேசை லாச்சியைத் திறந்து புதுப் பற்றறி எடுத்துப் போட்டான், அதைச் செய்துகொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, "ஆலையில வேலை முடிஞ்சுது போல. ஒருத்தன் வந்து குற்றியில குந்திக்கொண்டு கோப்பி குடிக்கிறான்" என்றான், எங்கும் எல்லாரும் சொல்கிற சாதாரணக் கதையாக. நான் குனிந்தேன். பொட்டு இல்லை. கண்ணை ஒரு துளி விலக்கிக் கூரையின் விளிம்பைப் பார்த்தபோது சிவப்பாக, சுடச்சுட, அது ஓரத்தில் எரிந்தது. அதைப் பார்க்கத் திரும்பினேன், போய்விட்டது. விலகினேன், வந்தது. திரும்பினேன், போனது. சின்னப்பிள்ளை ஒளித்துப் பிடித்து விளையாடுவதுபோல. கோப்பி குடிக்கிறவனைத் தேடினேன், குற்றிகள் இருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, வெட்டு முகம் வட்ட வட்டமாக, ஆள் எழும்பிப் போய்விட்டான் என்று நினைத்தேன். "ஆள் போட்டான்" என்றேன். ஈவார் வெறுங்கண்ணால் வெளியே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மற்றக் கண்ணால ஒருக்காப் பாருங்கோ" என்றான், மெதுவாக. எனக்குக் கோபம் வந்தது. இடது கண்ணால் சுடுகிறவளா நான், என் துவக்கு வலது தோள் துவக்கு, இவன் ஆர் என் கண்ணைச் சோதிக்க. கோபம் வந்தாலும் களைப்பு அதற்கு மேலாக இருந்தது, வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு பலம் வேண்டுமே. தலையை நகர்த்தி இடது கண்ணை வைத்தேன். புகைபோக்கி நிமிர்ந்து நின்றது. கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக நின்றது. சிவப்புப் பொட்டு எரிந்தது. பொட்டின் கீழே ஒரு மனிதன் இருந்தான். செம்மஞ்சள் மேலுடுப்பு, நரைத்த மீசை, ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல் மூடியில் கோப்பி, மற்றக் கையால் பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பொட்டு அவன் நெஞ்சில், மேலுடுப்பின் இரண்டாவது பொத்தானில். வலது கண்ணை வைத்தேன். குற்றிகள். இடது. மனிதன், வாய் அசைகிறது. வலது. குற்றிகள், வட்ட வட்டமாக, ஒரு இடைவெளியுமில்லாமல், என் மூளை அவன் இருந்த இடத்தைப் பக்கத்துக் குற்றியை வைத்து அழகாக நிரப்பியிருந்தது. எவ்வளவு சுத்தமான வேலை. இப்படி எத்தனை பேரை நிரப்பியிருக்கிறேன். ஐந்தாம் போஸ்டிலிருந்து சதுப்பின் அந்தப் பக்கம் நாயோடு வருகிறவர்கள், தொப்பியில் சிவப்புப் பட்டி கட்டினவர்கள், மாரித் வருகிற பாதை அது, அவளுக்குப் பின்னால் வேர், வேருக்குப் பின்னால் சாம்பல். தாங்கியில் வெறும் குழாய்தான் இருந்தது, துவக்கில்லை, வெடிக்கிற ரவையில்லை, ஆனாலும் என் விரல் மடங்கியிருந்ததைக் கண்டு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஸ்கோப் வேண்டாம்" என்றேன். "ஓம்" என்றான் ஈவார். அவன் மூன்றையும் பெட்டிகளில் வைத்து மூடினான், என் பழையதைக் காலுறைக்குள் திரும்பப் போட்டு, காலுறையின் வாயை மடித்து, என் பக்கம் தள்ளினான். "இதில ஒரு பிழையும் இல்லை" என்று அப்போதுதான் சொன்னான். பிறகு ஜன்னலைச் சாத்தினான். "கார்லயோ வந்தனீங்கள்?" மேசையில் கிடந்த சாவியை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். கார்தான். ஆற்றோடே வந்தேன், வரும்போது வீதியின் நடுக்கோடு தூரத்தில் ஒரு இடத்தில் கொஞ்சம் உதறிக்கொண்டது, வெயில் சூடு என்று நினைத்தேன், செப்டெம்பரில் வெயில் சூடு. "கோப்பி போடுறன்" என்று அவன் உள்ளே போனான், சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை, அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடிப் போய்விடலாம். முக்கால் மணித்தியாலம். இடது கண் இருக்கிறது, இரண்டும் திறந்திருந்தால் ஒன்றும் தெரியாது, இவ்வளவு நாளும் போய்வந்த வீதிதான். போய் நவத்தோடு இருந்து சாப்பிட்டு, நாளைக்கு யோசிக்கலாம். நாளைக்கு நாளைக்கு என்று கோடை போனது. நவத்துக்குப் போன் எடுத்தேன். மணி இரண்டு மூன்று தரம் அடித்தது. "இஞ்சருங்கோ" என்றேன். "சொல்லும். ஸ்கோப் வாங்கியாச்சோ?" "இல்லை. சரிவரேல்லை." "ஏன், நல்லது இல்லையோ?" "எல்லாம் நல்லதுதான்." அவருக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார். "என்ன செய்யுது உமக்கு?" "கண் ஒண்டு நடுவில தெரியேல்லை." சொல்லிவிட்டேன். தமிழில் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம், எனக்குள்ளேகூட நான் அதை அப்படிச் சொன்னதில்லை. "எந்தக் கண்?" "வலது." அவர், "கோடைக்குள்ள சோத்தில கல்லு கிடந்துது, ரெண்டு மூண்டு தரம். நான் சொல்லேல்லை" என்றார். "ஏன் சொல்லேல்லை?" "நீர் அரிசியில கல்லு விடுற ஆளில்லையே. அதுதான் சொல்லப் பயமா இருந்தது." அவர் பயந்துகொண்டு கல்லைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறார், நானும் பயந்துகொண்டு முன்னால் இருந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரே மேசையில். "காரை எடுத்துக்கொண்டு வரவேண்டாம்" என்றார். "மாரித்துக்குப் போன் அடியும். இப்பவே அடியும். நான் வைக்கிறன்."

மாரித் வேலை உடுப்போடேயே வந்தாள், நெஞ்சில் பெயர்ப்பட்டியும் இருந்தது. போனில் நான் சொன்னது இரண்டு வசனம்தான், அவள் கேட்டதும் இரண்டு கேள்விதான், எப்ப தொட்டு, கோடு வளையுதோ. கடைக்குள் வந்து ஈவாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் முன்னால் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "கோடையில தொட்டு" என்றாள். "ஓம்." "கோடை முழுக்க என்னையும் ஏத்திக்கொண்டுதான் வேலைக்குப் போனனீ." "ஓம்." "ஒரு சொல்லுச் சொல்லேல்லை." அவள் முகம் சிவந்திருந்தது, கழுத்துவரைக்கும் சிவந்திருந்தது, அவளை அப்படி நான் கண்டதில்லை. "ஆஸ்பத்திரிக்கு அடிச்சுக் கேட்டனான். கண் பகுதியில இண்டைக்கே கொண்டுவரச் சொல்லினம். கோடு வளையத் தொடங்கின கையோட வந்திருந்தால் ஊசி போட்டு நிப்பாட்டலாம். இவ்வளவு நாள் விட்டதுக்கு எவ்வளவு மிஞ்சும் எண்டு பாத்துத்தான் சொல்லுவினமாம்." இவ்வளவு நாள் விட்டதுக்கு. போலீசுக்கு எழுதுவார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, அந்தப் பயம் எங்கேயோ பின்னுக்குப் போய்ச் சின்னதாகி நின்றது. "அஞ்சாம் போஸ்ட்டை வேற ஆருக்கும் குடு" என்றேன். நான் எதிர்பார்த்தது என்ன, இல்லை இல்லை அது உன்ர இடம் என்று அவள் சொல்லுவாள் என்றா. "குடுப்பன்" என்றாள். "வேட்டைக்கு ஒரு கிழமை இருக்கு, நான் ஆளைப் பாக்கவேணும்." கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். என் சாவியை எடுத்து ஈவாரிடம் கொடுத்தாள், கடை மூடும்போது காரை முற்றத்துக்குள் விட்டுவிடச் சொன்னாள். அவன் ஓம் என்றான். கோப்பிக் கோப்பையை என்னிடமிருந்து வாங்கும்போது "போட்டு வாங்கோ" என்பதுபோல ஏதோ சொன்னான், நோர்வே மொழியில் அப்படி ஒரு சொல் இல்லை, ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. மாரித்தின் கார் நாய் மணத்தது. எத்தனையோ காலமாக நான் இந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினதில்லை, பட்டியை எந்தக் கையால் இழுப்பதென்றே ஒரு கணம் தெரியவில்லை. பட்டணம் முடிந்து பாலம் வந்தது, பாலம் முடிந்து வீதி நேரானது, என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை என் கால் அமத்திக்கொண்டிருந்தது, கண் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, உதறுகிறதா உதறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. "காலை விடு" என்றாள் மாரித், வீதியைப் பார்த்தபடியே. "நான் ஓடுறன்." காலை விட்டேன். அவள் ஓடுகிறாள். வளைவு வந்தால் அவள் திருப்புவாள், ஆள் வந்தால் அவள் காண்பாள். நான் பார்க்கவேண்டியது ஒன்றும் இல்லை. இதுவரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை, இவ்வளவு களைப்பும் கண்ணின் களைப்புத்தான் என்பதும், பகல் முழுக்க ஒவ்வொரு கதவு நிலையையும் ஒவ்வொரு முகத்தையும் பிடித்துப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்த களைப்பு என்பதும். கண்ணை மூடினேன். இரண்டையும் மூடினேன். உள்ளே கோடு ஒன்றும் இல்லை. இரப்பர் ரயர் வீதியில் போகிற சத்தம், இருக்கையின் பின்பக்கத்துச் சூடு முதுகில் ஏறுவது, மாரித் மூக்கை உறிஞ்சுகிறது. அவள் அழுகிறாளா, சளித் தடிமனா என்று பார்க்கக்கூட நான் திறக்கவில்லை. கொஞ்சத் தூரம் அப்படியே போனோம். பிறகு கார் மெதுவானது. "பாமா" என்றாள், காட்டுக்குள் கதைக்கிற குரலில். "எல்க். உன்ர பக்கம், வயலுக்குள்ள." "எத்தினை?" என்றேன், கண் மூடியபடியே. "தாயும் கண்டும். இல்லை, பொறு. ரெண்டு கண்டு." "எங்களைக் கண்டிட்டுதோ?" "தாய் கண்டிட்டுது. தலையைத் தூக்கிக்கொண்டு நிக்குது. கண்டுகள் மேயுதுகள்." "காத்து எந்தப் பக்கம்?" அவள் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள், குளிர் வந்து என் இமைமேல் பட்டது, வெட்டின புல்லின் மணம் வந்தது. "அங்கயிருந்து எங்களுக்கு" என்றாள். "அப்ப ஓடாதுகள். கொஞ்சம் நில்லு" என்றேன். "ஒண்டையும் விடாமல் சொல்லு." மாரித் என்ஜினை நிறுத்தினாள். தாய் ஒரு அடி முன்னால் வைத்தது என்றாள்.